கணக்குச் சொல்லுதலும் கணக்குக் கேட்டலும்

ஒரு வீட்டின் உண்மை நிலையை அறிய விரும்புவோன் அவ்வீட்டு முகப்பின் அழகைக் கண்டு மயங்கான்; பேரேட்டையும் ஐந்தொகையையும் கேட்பான். வீட்டுக்குப் பொருந்தும் இவ்விதி நாட்டுக்கும் பொருந்தும். ஒரு மாவட்டத்தின் சாலை, பள்ளி, மருத்துவசாலை, ஏரி, குடிநீர் ஆகியவற்றை நடத்தும் பல இலாகாத் தலைவர்கள் காலந்தோறும் ஓரிடத்திற் கூடித் தத்தம் வேலையின் நிலையையும் பணத்தின் நிலையையும் எடுத்துரைப்பது வழக்கம். அவ்வுரைகளைப் பத்திரிகைகள் சில வரிகளில் வெளியிடுகின்றன. நாமும் அவ்வரிகளைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறோம். அங்ஙனம் தாண்டிச் செல்வதால் நமக்கு நேரும் நஷ்டம் யாது என்பதைத் திருத்தணியை உதாரணமாகக் கொண்டு விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

திருத்தணியைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. ஆண்டின் நாட்களை நினைவூட்டும் 365 படிகளை ஏறி மலைமேல் நின்று நோக்கும் யாத்திரிகனுக்கு, வடக்கே ஆந்திர நாட்டு மலைத்தொடரும் தெற்கே தமிழ்நாட்டுச் சமவெளியும் ஒரே நிலப்பரப்பாகவே தோன்றும். ஆயின் கணக்குப் புத்தகத்தில் அவை ஒன்றல்ல. 1911-ம் ஆண்டில் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபொழுது, அதுகாறும் வடஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த திருத்தணி அப்புதிய ஜில்லாவிற் சேர்ந்தது. 1953-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி ஆந்திர ராஜ்யம் தோன்றியபொழுது சித்தூர் ஜில்லாவோடு அதுவும் அங்கே சென்றது. எல்லைக் கிளர்ச்சிகளும் படாஸ்கர் என்பாரின் மத்தியஸ்தமும் நிகழ்ந்த பின்னர், 1959-ம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி, 1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்திற்குத் திரும்பிச் செங்கற்பட்டு ஜில்லாவிற் சேர்ந்தது. 1997-ம் ஆண்டில் செங்கற்பட்டு பிரிக்கப்பட்டது முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து வருகிறது. மலையும் படிகளும் இடம் பெயரவில்லை; கணக்குக் கேட்கச் செல்லவேண்டிய அலுவலகமே இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. இவ்வூராருக்கு எழுந்த கேள்வி எல்லா ஊராருக்கும் உரியதே: நம் பொருட்டுச் செலவாகும் பணத்துக்கு யார், எங்கே, எப்பொழுது கணக்குச் சொல்வது?

பழைய வழக்கம்

கணக்குக் காட்டும் கடமை மேனாட்டார் நமக்குக் கொணர்ந்ததொன்று எனச் சிலர் கருதுவர். அது முற்றும் பொருந்தாது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் அவ்வூர்ச் சபையின் வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலியவை அவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் குடவோலையைப் புகழ்வோர் பலர் அதனினும் கடுமையான மற்றொரு விதியை மறந்துவிடுகின்றனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், பின்னர் வாரியத்திற் புகத் தகுதியற்றவர். அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஏரி வெட்டினான், தோட்டம் வைத்தான் என்ற புகழ் போதாது. எவ்வளவு பெற்றான், எவ்வளவு செலவிட்டான் என்பதையும் அவன் சபைக்குச் சொல்லியிருத்தல் வேண்டும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேலையும் கணக்கும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியலாகாது என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர்.

ஜில்லா போர்டுக் காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1871-ம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டத்தினால் சாலை, பள்ளி, வைத்தியசாலை ஆகியவற்றுக்கெனத் தனி நிதி ஏற்பட்டது. ரிப்பன் பிரபு 1882-ம் ஆண்டில் வெளியிட்ட தீர்மானத்தின் பயனாக, 1884-ம் ஆண்டின் ஸ்தல போர்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளையும் தாலுகா போர்டுகளையும் யூனியன்களையும் தோற்றுவித்தது. 1920-ம் ஆண்டுச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை விரித்தது. ஜில்லா எஞ்சினீயர் சாலைகளின் நிலையைச் சொல்வார். சுகாதார அதிகாரி அம்மை குத்தியதைப் பற்றிச் சொல்வார். அங்கத்தினர் கேள்வி கேட்பர். தலைவர் விடை தருவார். குறைகள் பல இருந்தன. ஆயினும் ஜில்லாவின் பணத்தைப் பற்றி ஜில்லாவின் ஒரே மண்டபத்திற் பேசும் வழக்கம் அக்காலத்தில் ஊன்றியது.

அவ்வழக்கம் 1958-ம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தின் பின் உருமாறியது. ஜில்லா போர்டுகள் மறைந்து பஞ்சாயத்து யூனியன்கள் எழுந்தன. ஆந்திரத்திலோ 1959-ம் ஆண்டில் சமிதிகளும் ஜில்லா பரிஷத்துக்களும் எழுந்தன. இரு ராஜ்யங்களும் தத்தம் ஸ்தல ஏற்பாட்டை மாற்றிக்கொண்டிருந்த அதே சமயத்தில் திருத்தணி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது என்பது சிந்திக்கத்தக்கது. பின்னர் 1992-ம் ஆண்டில் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த 73, 74-வது அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் உறுதியான அடித்தளம் அமைத்தன. மாவட்டந்தோறும் திட்டக்குழு ஒன்று வேண்டுமென்றும், அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர் மாவட்ட ஊராட்சி, நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினரால் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டுமென்றும் அத்திருத்தம் விதித்தது.

எங்கெங்கே கணக்குச் சொல்லப்படுகிறது?

அமெரிக்க நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலானவற்றில், தேர்ந்தெடுக்கப்பெற்ற சிறு சபை ஒன்று பொதுமக்கள் முன்னிலையில் அமர, சாலைத் தலைவர், சுகாதாரத் தலைவர், காவல் தலைவர் முதலானோர் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் வேலையையும் வரவு செலவையும் கூறுவர். நம் நாட்டில் அத்தகைய ஒரே மண்டபம் இல்லை; பல மண்டபங்கள் உள்ளன. திருவள்ளூர் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றான திருத்தணியில் வாழ்வோன் ஒருவன் எத்தனை இடங்களிற் செவி சாய்க்கவேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டம். வருவாய், ஊரக வளர்ச்சி, நீர்வளம், நெடுஞ்சாலை, வேளாண்மை, சுகாதாரம், கல்வி முதலிய துறைகளின் மாவட்டத் தலைவர்கள் ஆட்சியர் முன் தத்தம் முன்னேற்றத்தைக் கூறுவர். இது அலுவலர் அலுவலருக்குச் சொல்லும் கணக்கு. இரண்டாவது, 2016-ம் ஆண்டு முதல் ஏற்பட்ட மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. மூன்று மாதங்களுக்கொருமுறை கூடவேண்டிய இக்குழுவுக்குப் பாராளுமன்ற உறுப்பினர் தலைவர், ஆட்சியர் செயலாளர். மத்திய அரசின் பணம் செலவாகும் திட்டங்கள் இங்கே ஆராயப்படும். திருத்தணி, இருக்கும் மாவட்டத்தால் திருவள்ளூரைச் சார்ந்ததாயினும், பாராளுமன்றத் தொகுதியால் அரக்கோணத்தைச் சார்ந்தது. அத்தொகுதியின் ஏனைய பகுதிகள் இராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களில் உள்ளன. ஒரு மாவட்டத்துக்கு ஒருவருக்கு மேற்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் இருப்பின் அவருள் ஒருவர் தலைவராகவும் மற்றையோர் இணைத்தலைவராகவும் அமர்வர் என்பது விதி. ஆகவே, தன் வாக்கைப் பெற்றவர் எந்த மண்டபத்தில் எந்த ஆசனத்தில் அமர்ந்து தன் ஊரைப் பற்றிக் கேட்கிறார் என்பதை அறிவதற்கே திருத்தணிவாசி சற்று முயலவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள். கூட்டங்கள் அனைத்தினும் இதனையே நாம் உயர்ந்ததாகக் கருதுகிறோம். என்னை? இங்கே துறைத்தலைவர்கள் மேலதிகாரிக்கு மட்டுமன்றி, சேற்றில் கால் வைப்பவனுக்கும் நேருக்கு நேர் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏரி மதகு ஏன் செப்பனிடப்படவில்லை என்றும், கரும்புப் பணம் எப்பொழுது வரும் என்றும், மின் இணைப்பு எத்தனை நாட்களிற் கிடைக்கும் என்றும் அவன் கேட்கிறான். அச்சிட்ட அறிக்கையில் 'பணி முன்னேற்றத்தில் உள்ளது' என்று எழுதியவரே, மதகின் அருகில் வாழ்பவனைப் பார்த்து அதையே சொல்லுமுன் ஒரு கணம் தயங்குவார். அத்தயக்கத்திலேதான் பொறுப்பு பிறக்கிறது.

நான்காவது, கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் இதற்கென வகுக்கப்பட்டுள்ளன. ஊராட்சியின் வரவு செலவு இங்கே வாசிக்கப்படவேண்டும். நகரத்துக்கு நகர்மன்றம் உண்டு. இவையன்றி, மலைக்கோயிலின் வரவு செலவு இந்து சமய அறநிலையத்துறையைச் சார்ந்தது. இரயில் நிலையமும் சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசைச் சார்ந்தவை.

இத்தனை இலாகாக்களும் ஓரிடத்திற் கூடும் வேளையும் ஒன்றுண்டு. அது ஆடிக்கிருத்திகைக்கு முன் நடைபெறும் ஏற்பாட்டுக் கூட்டமாகும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் காவடிகளோடு பெருந்திரளான மக்கள் வருவர். போலீசார் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதைச் சொல்வர். போக்குவரத்துக் கழகத்தார் தனிப் பஸ்களைச் சொல்வர். நகராட்சியார் குடிநீரையும் துப்புரவையும் சொல்வர். சுகாதாரத் துறையார் தற்காலிக வைத்திய முகாம்களைச் சொல்வர். தீயணைப்புத் துறையார் சரவணப் பொய்கைக் கரையில் தம் ஆட்கள் நிற்பதைச் சொல்வர். அன்று எவரும் 'முன்னேற்றத்தில் உள்ளது' என்று சொல்லித் தப்ப இயலாது. திருநாள் தேதி யாருக்காகவும் தள்ளிப்போகாது. குறித்த நாள், குறித்த வேலை, குறித்த பொறுப்பாளர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அரசாங்கம் எவ்வளவு நன்றாக வேலை செய்யக்கூடும் என்பதற்கு அக்கூட்டம் சான்று. ஏனைய நாட்களில் அம்மூன்றுள் ஒன்று குறைவதே நம் துன்பங்களுக்குக் காரணம்.

எண்களை வாசிக்கும் முறை

இனிக் கணக்கைக் கேட்பதெப்படி என்பதைச் சிறிது விளக்குவோம். கற்பனையாக ஒரு சிறுபாலத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு 20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டதாக ஏப்ரல் மாதத்தில் அறிவிக்கப்படுகிறது. ஊரார் பாலம் வந்துவிட்டதாகவே மகிழ்கின்றனர். ஆனால் ஒதுக்கீடு என்பது இவ்வளவு செலவிடலாம் என்ற இடங்கொடுத்தலே. பணம் பெட்டியில் வந்து வீழ்ந்துவிட்டது என்று பொருளன்று. அதன்பின் நிர்வாக அனுமதி வேண்டும், எஞ்சினீயரின் தொழில்நுட்ப அனுமதி வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோரவேண்டும், வேலை உத்தரவு வழங்கவேண்டும், செய்த வேலையை அளவுப் புத்தகத்திற் பதியவேண்டும், பட்டியல் தயாரித்துக் கருவூலத்திற் பணம் பெறவேண்டும், இறுதியிற் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கவேண்டும். இவ்வேழு படிகளுள் எப்படியில் பாலம் நிற்கிறது என்று கேளாமல், எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பவன், அடிவாரத்தில் நின்றுகொண்டே மலையேறிவிட்டதாக எண்ணுபவனை ஒப்பான்.

இரண்டாவதாக, செலவு என்ற சொல்லும் ஆராயத்தக்கது. ஓர் இலாகா தன் வேலையை மற்றோர் இலாகா வாயிலாகச் செய்விக்க அதனிடம் பணத்தை வைப்பாகச் செலுத்துமாயின், செலுத்திய இலாகாவின் புத்தகத்தில் அது செலவாகவே காணப்படும். அங்கே ஒரு கூடை மண்ணும் வெட்டப்பட்டிராமல் இருக்கலாம். ஆகையால் நூற்றுக்கு எழுபத்தைந்து செலவாயிற்று என்று கூறப்படும்பொழுது, வேலை நூற்றுக்கு எவ்வளவு முடிந்தது என்றும் உடனே கேட்டல் வேண்டும். இவ்விரு எண்களும் அருகருகே நில்லாத அறிக்கை அரை அறிக்கையே.

மூன்றாவதாக, காலத்தை நோக்குக. நம் அரசாங்கத்தின் நிதியாண்டு 1867-ம் ஆண்டு முதல் ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கி மார்ச்சு 31-ல் முடிகிறது. நம் மேகங்கள் அதனை அறியா. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். ஏரிக்கரையையும் கால்வாயையும் மழைக்கு முன் செப்பனிட வேண்டுமாயின், ஏப்ரலில் ஒதுக்கிய பணத்தின் அனுமதிகள் யாவும் கோடைக்குள்ளேயே முடிந்திருத்தல் வேண்டும். முடியாவிடில் வேலை மழைக்குப் பின் தள்ளப்பட்டு, மார்ச்சு மாதத்தில் அவசரம் அவசரமாகப் பட்டியல்கள் எழுதப்படும். எஞ்சிய பணம் அரசாங்கத்துக்கே திரும்பிச் செல்லும். கணக்கில் ஒரு பிழையும் இராது. ஆனால் ஏரியில் நீரும் இராது. எனவே ஆகஸ்டு மாதத்துக் கூட்டத்திற் கேட்ட ஒரு கேள்வி, மார்ச்சு மாதத்திற் கேட்கும் பத்துக் கேள்விகளினும் பயனுடையது.

இடைவெளியில் நிற்கும் ஊர்

இவை யாவும் எவ்வூருக்கும் பொதுவானவை. எல்லையோர ஊர்களுக்குச் சிறப்பான ஓர் இடர் உண்டு. திருத்தணியை அடுத்த பள்ளிப்பட்டுப் பகுதியிற் பாயும் கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியிலே, ஆந்திர எல்லைக்குள், கிருஷ்ணாபுரம் அணை உள்ளது. பெருமழைக் காலத்தில் அவ்வணை திறக்கப்படும்பொழுது, கீழே தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள தரைப்பாலங்கள் நீரில் மூழ்கி ஊர்கள் துண்டிக்கப்படுவதுண்டு. அணையைத் திறப்பவர் ஓர் அரசாங்கத்தார். எச்சரிக்கை செய்பவர் மற்றோர் அரசாங்கத்தின் வருவாய்த் துறையார். ஆறு நீர்வளத் துறையாருடையது. மேலே செல்லும் சாலை நெடுஞ்சாலைத் துறையாருடையதாகவோ ஊராட்சி ஒன்றியத்தாருடையதாகவோ இருக்கலாம். ஒவ்வொருவரும் தம் பகுதியைச் செவ்வனே சொல்லி அமர்ந்துவிட்டால், எல்லா அறிக்கைகளும் நிறைவாக இருக்கும். பள்ளிக்குச் செல்லும் சிறுவன் மட்டும் அக்கரையில் நிற்பான்.

இலாகாத் தலைவர்கள் தனித்தனியே அறிக்கை அனுப்பாமல் ஒரே மண்டபத்திற் கூடுதல் ஏன் வேண்டும் என்பதற்கு விடை இங்கேதான் உள்ளது. அறிக்கையைத் தபாலிலும் அனுப்பலாம். ஆனால் ஒருவர் சொல்லி முடித்த இடத்திலிருந்து மற்றவர் தொடங்குகிறாரா, அல்லது நடுவே ஓர் இடம் யாருக்கும் உரியதன்றி விடப்பட்டிருக்கிறதா என்பது இருவரையும் ஒருங்கே வைத்துக் கேட்டாலன்றி விளங்காது. அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதே கூட்டத்தின் பயன். ஏனைய அனைத்தும் சம்பிரதாயமே.

கேட்போர் கடமை

இனி, கேட்பவனுக்கு என்ன உரிமை உண்டு? பலர் நினைப்பதினும் மிகுதியாகவே உண்டு. 1994-ம் ஆண்டில் இராஜஸ்தானத்துப் பாலி மாவட்டத்தைச் சேர்ந்த கோட் கிரானா என்னும் சிற்றூரிலே, தொழிலாளர் உழவர் சங்கத்தார் பொதுமக்களைக் கூட்டி, ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியல்களை உரக்க வாசித்தனர். எழுத்தறியாதவரும் தம் பெயர் வாசிக்கப்பட்டபொழுது எழுந்து, தாம் அவ்வேலை செய்ததுண்டா இல்லையா என்று கூறினர். பெரிய பண்டிதர் எவரும் தேவைப்படவில்லை. கணக்கை மக்கள் மொழியில், மக்கள் முன் வாசித்தலே போதியதாயிற்று. இத்தகைய முயற்சிகளின் பயனாகவே 2005-ம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன் நான்காம் பிரிவின்படி ஒவ்வோர் அலுவலகமும் தன் திட்டங்களையும் ஒதுக்கீட்டையும் கொடுத்த பணத்தையும் யாரும் கேளாமலே வெளியிடக் கடமைப்பட்டது. வெளியிடாவிடில், தமிழ்நாட்டில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதிக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை வருதல் வேண்டும்.

ஆகவே, கல்லூரியிற் பயிலும் நம்மவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்பொழுது செய்யத்தக்க ஒரு தொண்டை இங்கே கூறி முடிப்போம். கிராம சபை நாளன்று சென்று அமருங்கள். ஒரே ஒரு வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளிக் கட்டடமோ, ஏரி மதகோ, தரைப்பாலமோ எதுவாயினும் ஆகுக. அதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, இன்று எப்படியில் நிற்கிறது, எந்த நாளுக்குள் யார் முடிப்பார் என்ற மூன்று கேள்விகளைப் பணிவோடு கேட்டு, விடையைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சபையில் அந்தக் குறிப்போடு மீண்டும் வாருங்கள். குற்றஞ் சாட்டும் நோக்கம் வேண்டா. நேர்மையாய் உழைக்கும் அலுவலர் பலர் இக்கேள்வியை வெறுப்பதில்லை. மேலிடத்தில் அனுமதி தாமதமாகுமிடத்து, ஊரார் கேட்கின்றனர் என்று எழுதுவதற்கு அது அவர்களுக்கே துணையாகும்.

கணக்குச் சொல்லுதல் ஆள்வோர் கடமை. கணக்குக் கேட்டல் குடிகள் கடமை. முன்னது மட்டும் நடந்து பின்னது நில்லாவிடில், மண்டபத்திற் குரல் எழும், செவி இராது. உத்தரமேரூரார் தம் விதியைக் கல்லிலே பொறித்து வைத்தமைக்குக் காரணம் இதுவே போலும்: சொல்ல வேண்டியவன் மறந்தாலும், கேட்க வேண்டியவன் நாள்தோறும் அவ்வழியே நடக்கும்பொழுது நினைவுகூர்வான் என்பது. திருத்தணியின் எல்லை நான்கு முறை மாறியபொழுதும் மாறாதிருந்தவர் அவ்வூர்க் குடிகளே. எந்த அலுவலகத்தின் கீழ் இருப்பினும் கேட்கும் வழக்கத்தை அவர்களும் நாமும் கைவிடாதிருப்போமாயின், கணக்குப் புத்தகம் எங்கே சென்றாலும் கணக்கு நம்மிடமே திரும்பி வரும்.